மீசைக் கெண்டையும் நான்காம் விதியும்

அயனம்பாக்கம்,
15.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ்.

என் பெயர் அருள்தாஸ். சகோதரி சபீனாவின் உடன்பிறந்த தம்பி. இக்கடிதத்தின் நோக்கம், ஒரு விதியை நடைமுறைப்படுத்துவது குறித்து என் சகோதரியின் கருத்தை அறிவது. மடத்துக்கு வரும் கடிதங்களைத் தலைவி அம்மா முதலில் பிரித்துப் பார்ப்பது தங்கள் சபையின் வழக்கம் என்பதால், எப்போதும்போல் இந்த அறிமுகத்தை முதலில் வைக்கிறேன்.

தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மலையில் குளிர் இறங்கும் முன் கம்பளிக் காலுறை அனுப்பலாமா என்று என் மனைவி ஞானகுமாரி கேட்கிறாள். நாங்கள் இருவரும் நலம். என் இரத்த அழுத்தம் மருத்துவர் குறித்த எல்லைக்குள் நிற்கிறது.

தங்கராஜைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளி விட்டதும் தன் வீட்டுக்குப் போகாமல் நம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டவன். இப்போது மனைவி சாவித்திரியோடு எனக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறான். குட்டி யானை என்று இங்கே சொல்லப்படும் சிறு சரக்கு வண்டி ஒன்றை வைத்து ஓட்டிவந்தான். ஜூலை மாதம் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது. கோலூன்றி நடக்கிறான். வலது கை மட்டும் இன்னும் மூடித் திறக்கவில்லை.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் நாங்கள் நால்வர் ஊத்துக்கோட்டைக்கு அப்பால் மலையடிவாரத்திலுள்ள குருவிமேட்டு ஏரிக்குச் சென்று தூண்டில் போடுவதை முன்பே எழுதியிருக்கிறேன். நான், தங்கராஜ், ஆவடியில் ரயில்வே வேலையிலிருக்கும் ஜாபஸ், எதிர் அடுக்ககத்தில் குடியிருக்கும் கணினி நிறுவன ஊழியர் பிரசன்னா. அங்கே கைப்பேசி எடுக்காது. அருகில் கடை கிடையாது. நாங்கள் தேடிப் போவது மீசைக் கெண்டையை. வாயோரம் இரண்டு மீசையுள்ள பெரிய கெண்டை அது. குளிரில் ஆழத்தில் சோம்பிக் கிடக்கும். இரையைக் கடிப்பது கைக்குத் தெரியவே வெகுநேரம் ஆகும். பொறுமையற்றவர்க்கு அது அகப்படாது.

இப்பயணத்துக்கு நான் வகுத்த விதிகள் உள்ளன. ஏரியின் குத்தகைதாரரிடம் எழுத்தில் அனுமதி பெறவேண்டும். சாண் நீளத்துக்குக் குறைந்த மீனையும் சினை மீனையும் தண்ணீரில் விட்டுவிட வேண்டும். மது கூடாது. நான்காவது: தண்ணீரில் விழுந்த ஒருவரைத் தன் கை வலிமையால் பரிசலுக்குள் இழுத்து ஏற்ற இயலாதவர் பயணத்தில் சேரலாகாது.

தங்கராஜ் இவ்வாண்டும் வருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். நான்காம் விதி தெளிவாக உள்ளது. நண்பன் என்பதற்காக அதைத் தளர்த்துவது நியாயமா? ஆறுதல் வேண்டாம். கருத்து வேண்டும்.

தங்கள் செபத்தை வேண்டும் தம்பி,
அருள்தாஸ்

*

ஏற்காடு மலை,
3.10.2024

அன்புத் தம்பி அருளுக்கு,

மரியே வாழ்க. முழங்கால் தன் போக்கில் இருக்கிறது. படியேறும்போது மட்டும் என்னோடு பேசுகிறது. காலுறை அனுப்பச் சொல். சாம்பல் நிறமாக இருக்கட்டும்.

ஒன்று சொல்லவேண்டும். தலைவி அம்மா உன் கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டுச் சிரித்து, மேற்கொண்டு படிக்காமலே என்னிடம் கொடுத்துவிடுகிறார். "உன் தம்பி மனு போட்டிருக்கிறார்" என்கிறார். ஆகவே நீ எழுதுவதை என்னைத் தவிர வேறு யாரும் படிப்பதில்லை என்று வைத்துக்கொள்.

தங்கராஜுக்கு இப்படி ஆனதைப் படித்து மனம் கலங்கியது. நம் வீட்டில் அவன் சாம்பாரை எடுத்துக் குடிப்பான், நினைவிருக்கிறதா? அவனுக்காகச் செபிக்கிறேன்.

கருத்துதானே கேட்டாய்? அதற்குமுன் எனக்கு ஒரு சந்தேகம். சில ஆண்டுகளுக்கு முன் இந்த விதிகளை நீ எனக்கு எழுதி அனுப்பியபோது மூன்றுதான் இருந்தன. நான்காவது எப்போது வந்தது? மற்ற மூன்றும் எவரும் யோசித்து எழுதக்கூடியவை. இது யோசித்து எழுதியதாகத் தெரியவில்லை. யார் தண்ணீரில் விழுந்தது?

தங்கராஜிடம் நேரில் பேசினாயா?

அன்புடன்,
அக்கா

*

அயனம்பாக்கம்,
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ்.

நான் அருள்தாஸ். தலைவி அம்மா படிப்பதில்லை எனினும் முறை முறையே. இக்கடிதத்தின் நோக்கம், எடுக்கப்பட்ட நடவடிக்கையைத் தெரிவிப்பது.

காலுறை இத்துடன் தனிப் பொதியாக வருகிறது. அங்கே மழை எப்படி? இங்கே மண்ணூர்பேட்டையில் எங்கள் தொழிற்சாலையின், உதிரிபாகங்களைச் சோதிக்கும் அளவீட்டுக் கூடத்தின் வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர் நின்று வடிந்தது. உடல்நலத்தில் குறையில்லை.

தங்கராஜுக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டேன். பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையுடன். "நான்காம் விதியின்படி இவ்வாண்டுப் பயணத்தில் தங்களைச் சேர்த்துக்கொள்ள இயலாமைக்கு வருந்துகிறேன்" என்பதே சாரம். நேரில் சொன்னால் அவன் பேசிப் பேசியே என்னை மாற்றிவிடுவான். எழுத்து அப்படி மாறாது என்று கருதினேன்.

அடுத்த நாள் மாலை ஜாபஸும் பிரசன்னாவும் என் அலுவலக வாசல் தேநீர்க் கடைக்கு வந்தனர். நடந்த உரையாடலை அவ்வாறே தருகிறேன்.

"இன்னா மச்சான் இது? ரெண்டு தெரு தள்ளிக்கிறவனுக்கு ரிஜிஸ்டர் போஸ்ட்டா?" என்றான் ஜாபஸ். "போஸ்ட்மேன் கையெழுத்து கேக்கறான். இவன் இடது கைல கிறுக்கிக்கிறான். சாவித்திரி அழுவுது."

"எழுத்துல சொல்றதுதான் முறை" என்றேன்.

"அவன் இன்னா உன் கம்பெனிக்கு போல்ட்டு சப்ளை பண்றவனா? ரிஜெக்ட்னு லெட்டர் அனுப்பிக்கிற."

பிரசன்னா இடையில் வந்தார். "சார், அவர் பரிசல்ல ஏற வேணாம். கரையில உக்காந்து தூண்டில் போடட்டுமே. நாங்க பாத்துக்கறோம்."

'பரிசலில்' என்று விதியில் இல்லை, 'பயணத்தில்' என்றே உள்ளது என்பதை நான் சுட்டிக்காட்டினேன். ஜாபஸ் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான். பிரசன்னா இரண்டு கோப்பைகளையும் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நாளைக்குப் பேசலாம் சார்" என்றார். இதுவரை பேசவில்லை.

நான்காம் விதி சென்ற ஜனவரியில் சேர்க்கப்பட்டது. பாதுகாப்பைக் கருதி.

தங்கள் முழங்காலைப் பேணவும்.

அன்புத் தம்பி,
அருள்தாஸ்

*

ஏற்காடு மலை,
9.11.2024

அன்புத் தம்பி அருளுக்கு,

மரியே வாழ்க. காலுறை சரியான அளவு. நீ அளந்து அனுப்பினாயா, ஞானகுமாரி வாங்கினாளா?

'தங்களை' என்றா எழுதினாய்? தங்கராஜையா? நாலாம் வகுப்பில் உன் காலணியை ஒளித்துவைத்தவனை 'தங்களை' என்று கூப்பிட்டு, நீ வருந்துகிறாய் என்று தபால்காரர் கையில் கொடுத்தனுப்பினாயா?

நான் இங்கே சுவருக்குள் இருக்கிறேன். என்னைப் பார்க்க வருகிறவர்கள் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசுகிறார்கள். நான் தெரிந்தே ஏற்றுக்கொண்ட கம்பி இது. அவனுக்கும் உனக்கும் நடுவில் எதற்கடா கம்பி?

என் கருத்து: போய்ப் பேசு. மற்றது பிறகு.

விதி எப்போது சேர்ந்தது என்று சொன்னாய். ஏன் என்று கேட்டால் 'பாதுகாப்பைக் கருதி' என்கிறாய். சென்ற ஜனவரியில் யார் விழுந்தது, அருள்?

உன் இரத்த அழுத்தத்தை மருத்துவர் மட்டும் பார்த்தால் போதாது. நன்றாகத் தூங்குகிறாயா?

அன்புடன்,
அக்கா

*

ஏற்காடு மலை,
27.11.2024

அருள்,

உன் பதில் வரவில்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே?

ஞாயிற்றுக்கிழமை திருவருகைக் காலம் தொடங்குகிறது. உனக்குத் தெரிந்ததுதான்: கிறிஸ்து பிறப்பு வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை, பெறுவதுமில்லை. வருகிற கடிதங்கள் தலைவி அம்மாவின் அலமாரியில் காத்திருக்கும். அதற்குமுன் இந்த ஒரு தாள்.

நான் பேசாமல் இருக்கப் போகிறேன். நீ பேசு. எனக்கு இல்லாவிட்டாலும் அவனுக்கு.

அக்கா

*

அயனம்பாக்கம்,
2.12.2024

சபீனா அக்காவுக்கு தங்கராஜ் எயுதறது.

நல்லாக்கிறியா அக்கா? நான் கீறேன். நான் சொல்லச் சொல்ல சாவித்திரி எயுதறா. எனக்கு வலது கை வர்ல. நாக்கு மட்டும் நல்லா வருது, அத்த அந்த டாக்டராலயும் ஒண்ணும் பண்ண முடில. உன் அட்ரசு ஞானகுமாரி கிட்ட வாங்கினேன். உன் தம்பிக்குத் தெரியாது.

போன வாரம் புயல்ல இங்க ரெண்டு நாள் கரண்டு இல்ல. அருள் ஊட்டாண்ட தண்ணி வந்துதான்னு ஜாபஸ அனுப்பி பாக்கச் சொன்னேன். வர்லயாம்.

அக்கா, அவனாண்ட நீ ஒரு வார்த்தை சொல்லணும். எனக்கு மீனு கூட வாணாம். வண்டில முன்னாடி உக்காந்துகினு போய், காலைல அந்த ஏரி மேல பொகை மாறி பனி எயும்புமே, அத்த பாத்துட்டு வந்துட்றேன். பரிசல் பக்கமே போமாட்டேன்.

அவன் மேல எனக்குக் கோவம் இல்ல. அவன் அப்படித்தான். போன ஜனவரில பரிசல் கவுந்துச்சில்ல, உனக்கு எயுதிருப்பான். அவனுக்கு நீச்சல் தெரியாதே. தண்ணிக்குள்ள பூட்டான். பாசில கால் மாட்டிக்கிச்சி. நான் காலர புட்ச்சி இழுத்து, தலகீயா கெடந்த பரிசல நிமித்தி, உள்ள தூக்கிப் போட்டேன். தண்ணியெல்லாம் வெளிய வந்து, மூச்சு வந்து, கண்ணத் தொறந்து மொதல்ல இன்னா கேட்டான்னு நெனக்கிற? "அளவுப் பலகை எங்கடா?"ன்னான். மீன் அளக்கற பலகை. சிரிக்கறதா அழுவறதா சொல்லு.

அதுக்கப்புறம் ஒரு வாரம் கயிச்சி நாலாவது ரூலு எயுதிக்கினு வந்தான். எனக்குத்தான் மொதல்ல படிச்சிக் காட்னான். "இன்னாடா இது, எனக்கே அளவெடுத்துத் தச்ச சட்ட மாறி கீது"ன்னேன். அவனுக்கு காதெல்லாம் செவந்து போச்சி. இப்ப பாரு, அந்த சட்ட எனக்கே சேரல.

ஒடம்ப பாத்துக்கக்கா. அங்க மீனெல்லாம் குடுப்பாங்களா?

தங்கராஜ்

அக்கா, இதை அவருக்குத் தெரியாமல் நான் சேர்த்து எழுதுகிறேன். கை மடங்குவதற்கு டாக்டர் ஒரு ரப்பர் பந்து கொடுத்தார். ஏரிக்குப் போகும்போது தூண்டிலைப் பிடிக்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு காலையும் மாலையும் அதை அமுக்கிக்கொண்டிருப்பார். விரல் கொஞ்சம் அசையத் தொடங்கியது. அருள் அண்ணன் லெட்டர் வந்த நாளிலிருந்து பந்தைத் தொடவில்லை. "யார் கூப்டப் போறா" என்கிறார். இப்படியே விட்டால் கை அப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் முன்னால் நான் அழுவதில்லை.

சாவித்திரி

*

அயனம்பாக்கம்,
17.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ்.

நான் அருள்தாஸ். இக்கடிதம் கிறிஸ்து பிறப்பு வரை அலமாரியில் இருக்கும் என்பதை அறிந்தே எழுதுகிறேன். நோக்கம், பயணம் குறித்த அறிக்கை.

சென்ற கடிதங்களுக்குப் பதில் எழுதாததற்கு உடல்நலம் காரணமில்லை. தூக்கம் குறைவு. தாங்கள் கேட்டதால் சொல்கிறேன்.

ஜாபஸும் பிரசன்னாவும் வருவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குத்தகைதாரரிடம் அனுமதி பெற்றாகிவிட்டது, வீணாக வேண்டாம் என்று பிரசன்னா ஜாபஸை அழைத்து வந்ததாகத் தெரிகிறது. வாடகை வண்டியில் சென்றோம். வழியெங்கும் பாட்டில்லை. தங்கராஜின் வண்டியில் பாட்டு நிற்காது. பலமுறை ஒலியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறேன்.

மழைக்குப் பின் ஏரி நிறைந்திருந்தது. விடியலில் நீரின்மேல் பனி எழுந்தது. அதைப் பற்றி அறிக்கையில் குறிக்க ஒன்றுமில்லை. ஆனால் அது கலையும்வரை மூவரும் தூண்டிலை எடுக்காமல் நின்றோம்.

அவர்கள் இருவரும் பரிசலில் ஏறினர். நான் ஏறவில்லை. உடைமைகளைப் பார்த்துக்கொள்ளக் கரையில் ஒருவர் தேவை என்று கூறினேன். ஜாபஸ் துடுப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"கரைல உக்காந்துகினு புடிக்கலாம்னா அவனும் வந்துருக்கலாமே மச்சான்" என்றான்.

நான் குனிந்து தூண்டில் பையைப் பிரித்தேன்.

பரிசல் போனபின் கரையோரப் பாறைக்கு அப்பால் ஆழமான இடத்தில் தூண்டில் இட்டேன். நெடுநேரத்துக்குப் பிறகு மிக மெல்லிய ஓர் இழுப்பு. என் வாழ்நாளில் பிடித்தவற்றுள் மிகப் பெரிய மீசைக் கெண்டை அது. அவர்களும் திரும்பி வந்துவிட்டனர். ஈரச் சாக்கின்மேல் பலகையை வைத்து, மீனைக் கிடத்தி, அளவை உரக்கப் படித்தேன்.

தாங்கள் அறியாத ஒரு வழக்கத்தை இங்கே விளக்கவேண்டும். நான் அளவைப் படித்ததும் தங்கராஜ் அதை மறுப்பான். யார் பிடித்த மீனாயினும் மறுப்பான். "வால நீட்டி அளடா. உன் கஞ்சத்தனத்த மீன் கிட்ட காட்டாத" என்பான். வாலை எப்படி வைத்து அளப்பது என்பதற்கு நெறி உண்டென்று நான் விளக்குவேன். அவன் பலகையைப் பிடுங்குவான். மீன் துள்ளி எங்களில் ஒருவர் மடியில் விழும். அது இல்லாமல் எந்த அளவும் முடிவானதில்லை.

இம்முறை படித்தேன். "சரி" என்றான் ஜாபஸ். "சூப்பர் சார்" என்றார் பிரசன்னா. அவ்வளவே.

நான் வாலை நீட்டி மறுபடி அளந்தேன். பிறகு மீனைத் தண்ணீரில் விட்டேன். சினை மீன் என்று அவர்களிடம் கூறினேன். அப்படிக் கருதுவதற்கு ஆதாரம் ஏதும் என்னிடம் இல்லை.

கிறிஸ்து பிறப்பு வாழ்த்துகள். தங்கள் முழங்காலுக்கு ஞானகுமாரி தைலம் அனுப்புகிறாள்.

தம்பி,
அருள்தாஸ்

*

ஏற்காடு மலை,
28.12.2024

என் அன்புத் தம்பி அருளுக்கு,

கிறிஸ்து பிறப்பின் சமாதானம் உன் வீட்டுக்கு.

விழா முடிந்த மறுநாள் தலைவி அம்மா அலமாரியைத் திறந்து என் பங்கைக் கொடுத்தார். தைலம், உன் கடிதம், இன்னொரு கடிதம். அந்த இன்னொன்று தங்கராஜ் எழுதியது. நீ எனக்கு எழுதியிருப்பாய் என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறான்.

நீ தண்ணீருக்குள் போனாய். பாசியில் கால் சிக்கியது. ஏறக்குறைய ஓராண்டாக என் தம்பி உயிரோடிருப்பது யாரால் என்று தெரியாமலே நான் கோவிலில் நன்றி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். நான் பயந்துவிடுவேன் என்று மறைத்தாய், இல்லையா? சரி, இப்போது பயந்துவிட்டேன். பயந்து, அழுது, பிறகு அளவுப் பலகையைப் பற்றிப் படித்துச் சிரித்துவிட்டேன். செப நேரத்தில் சிரித்ததற்காகத் தலைவி அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

உன் நான்காம் விதியை மறுபடி எடுத்துப் படித்தேன். விழுந்தவனைத் தன் கை வலிமையால் இழுத்து ஏற்றுகிறவன். இந்த உலகத்தில் உனக்குத் தெரிந்து அப்படிச் செய்தவன் ஒருவன்தான். அவனிடம் நன்றி என்று ஒரு சொல் சொல்ல உனக்கு வரவில்லை. அதனால் விதியாக எழுதி, அவனிடமே கொண்டுபோய்ப் படித்துக் காட்டியிருக்கிறாய். அவன் சட்டை என்றான். உன் காது சிவந்ததாம்.

அந்தச் சட்டையைத்தான் பதிவுத் தபாலில் அவனிடமிருந்து திரும்ப வாங்கினாய்.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த விதிப்படி முதலில் விலக்கப்படவேண்டியவன் நீ. உனக்கு நீந்தத் தெரியாது, யாரையும் இழுத்து ஏற்றவும் முடியாது. அது உனக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தான் கரையில் நின்றாய். உடைமைகளைக் காப்பதற்காக என்று எழுதியிருக்கிறாய். அந்த ஏரிக்கரையில் உன் உடைமைகளை யாரடா எடுத்துக்கொண்டு போகப் போகிறார்கள்?

நீ தண்ணீருக்குப் பயந்ததில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் நேரம் போய்க்கொண்டிருக்கிறது. சாவித்திரி அந்தக் கடிதத்தின் கடைசியில் எனக்குத் தனியாகச் சில வரிகள் எழுதியிருந்தாள். அவனிடம் சொல்லாதே. கைக்கு மருத்துவர் கொடுத்த பந்தை அவன் தொடுவதில்லை. யார் கூப்பிடப் போகிறார்கள் என்கிறானாம். விட்டுவிட்டால் அந்தக் கை அப்படியே நின்றுவிடுமாம். உன்னை இழுத்த கை.

இதற்குமேல் நான் எழுத ஒன்றுமில்லை.

அக்கா

*

ஏற்காடு மலை,
28.12.2024

அன்புத் தம்பி தங்கராஜுக்கும் சாவித்திரிக்கும்,

உங்கள் கடிதம் வந்தபோது எங்களுக்கு மௌனம் தொடங்கிவிட்டிருந்தது. அது முடிந்தபிறகுதான் என் கைக்கு வந்தது. பதில் தாமதமானதற்கு அதுதான் காரணம், வேறு எதுவும் நினைக்கவேண்டாம்.

நீ செய்ததை அருள் எனக்கு எழுதவில்லை, தங்கராஜ். உன் கடிதத்தில்தான் அறிந்தேன். அவனைப் பற்றி உனக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

இங்கே காலைச் செபத்தில் யார் பெயரையாவது சொல்லி வேண்டிக்கொள்வோம். நான் உன் வலது கைக்காக வேண்டிக்கொண்டேன். கைக்காகத் தனியாக வேண்டுவது இதுவே முதல் முறை என்று பக்கத்தில் நின்ற சகோதரி பிறகு சொன்னார். அந்தக் கை என் தம்பியைக் கொண்டுவந்து கொடுத்த கை என்றேன்.

எங்களுக்கு இறைச்சி கிடையாது, மீன் உண்டு. மலைக்கு வந்து சேர்வதற்குள் அது எந்த மீன் என்று அதற்கே மறந்துபோயிருக்கும்.

சாவித்திரி, தைரியமாக இரு.

அன்புடன்,
சபீனா அக்கா

*

அயனம்பாக்கம்,
12.1.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இயேசுவுக்குப் புகழ்.

நான் அருள்தாஸ். இக்கடிதத்தின் நோக்கம், தங்கள் கடிதத்துக்குப் பதில் கூறுவதும் என் முடிவைத் தெரிவிப்பதும்.

தங்கள் முழங்காலுக்குத் தைலம் பயன்பட்டதா? இங்கே அனைவரும் நலம். அனைவரும் என்ற சொல்லை இம்முறை சற்று நம்பிக்கையோடு எழுதுகிறேன்.

தங்கள் கடிதத்தைச் சில நாள் சட்டைப் பையில் வைத்திருந்தேன். சொல்லவேண்டியவற்றை வரிசைப்படுத்திக்கொண்டு, சென்ற செவ்வாய் மாலை அளவுப் பலகையை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். பலகையை ஏன் எடுத்துப் போனேன் என்று எனக்குத் தெரியாது. சாவித்திரி கதவைத் திறந்தாள். "வாங்கண்ணே" என்றாள். முகம் வரச்சொல்லவில்லை.

அவன் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், "இன்னாடா, நேர்ல வந்துக்கிற? போஸ்ட்மேன் லீவா?" என்றான்.

வரிசைப்படுத்தியவை எல்லாம் கலைந்துவிட்டன. நின்றபடியே, "டிசம்பர்ல ஒரு மீசைக் கெண்டை புடிச்சேன்" என்றேன்.

"ஜாபஸ் சொன்னான். எவ்ளோ நீட்டு?"

பலகையில் விரல் வைத்துக் காட்டினேன்.

"வால நீட்டி அளந்தியா?"

"அளந்தேன்."

"பொய்யி. நீ நீட்டிருக்க மாட்ட. இன்னும் ரெண்டு விரக்கடை இருந்துருக்கும் அது."

"நெறின்னு ஒண்ணு இருக்குடா" என்றேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அன்னைக்கு நீ இழுக்கலன்னா நான் செத்துப் போயிருப்பேன்" என்றேன்.

அவன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இத்தச் சொல்ல ஒரு வருசம் ஆச்சா? உன் ரூல் புக்குல இது எத்தினியாவது நம்பர்?"

"நாலு."

அவன் இடது கையால் தொலைக்காட்சியை அணைத்தான். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தான். "சாவித்திரி, இவனுக்கு டீ போடு. சக்கர கம்மியா, இல்லாங்காட்டி அதுக்கும் லெட்டர் போடுவான். அப்பறம் அந்தப் பந்த எங்க வெச்ச, எட்த்துக்கினு வா."

சாவித்திரி பந்தைக் கொண்டுவந்து அவன் கையில் வைத்தாள். விரல்கள் அதன்மேல் படர மட்டுமே செய்தன, அமுக்கவில்லை. நான் தேநீர் குடித்து முடிக்கும்வரை அவன் அதை விடவில்லை. நான் போகும்போது அவள் வாசல்வரை வந்தாள்.

இனி, முடிவு. நான்காம் விதியை நீக்கிவிடலாமா என்று யோசித்தேன். நீக்கினால் அவன் செய்தது எங்கும் எழுதப்படாமல் போய்விடும். ஆகவே விதி இருக்கும். ஒரு சொல் மட்டும் மாறுகிறது. 'பயணத்தில்' என்பது 'பரிசலில்' என்று திருத்தப்படுகிறது. பிரசன்னாவிடம் இத்திருத்தத்தைத் தெரிவித்தபோது, "அக்டோபர்லயே சொன்னேனே சார்" என்றார். அவர் கூறியது உண்மை.

பொங்கல் கழிந்த சனிக்கிழமை நால்வரும் குருவிமேட்டு ஏரிக்குப் போகிறோம். தங்கராஜின் வண்டியை ஜாபஸ் ஓட்டுவான். பாட்டைக் குறைக்கச் சொல்லமாட்டேன். தங்கராஜ் கரையில் உட்கார்ந்து இடது கையால் தூண்டில் பிடிப்பான். இரையை நான் கோத்துக் கொடுப்பேன். விதிப்படி நானும் கரையில்தான்.

ஆனால் அடுத்த குளிர்காலத்துக்குள் அவன் கை திரும்பிவிடும் என்று மருத்துவர் உறுதியாகச் சொல்லவில்லை. திரும்பாவிட்டால் அவனைப் பரிசலில் ஏற்றிச்செல்ல, விழுந்தவனை இழுத்து ஏற்றக்கூடிய ஒருவன் அதில் இருக்கவேண்டும். அதற்கான தகுதியை நான் பெறுவதென்று தீர்மானித்திருக்கிறேன். ஆவடியில் ஒரு நீச்சல் குளத்தில் பெயர் பதிந்துவிட்டேன். என் வயதில் அங்கே வேறு எவரும் இல்லை. அபிஷேக் என்ற இளைஞர் பயிற்சி தருகிறார். "அங்கிள், மொதல்ல தண்ணிக்குள்ள தலைய விடணும்" என்றார். அதுதான் எனக்குக் கடினம் என்று அவரிடம் கூறினேன். வேறு எவரிடமும் இதுவரை கூறியதில்லை, தங்களைத் தவிர.

தங்கராஜிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்த சிரிப்பில் பந்து கீழே விழுந்து உருண்டது. "நான் வந்து கரைல நாற்காலி போட்டு உக்காந்துக்கறேன். நீ தண்ணி குடிக்கறதப் பாத்துக்கினே பந்த அமுக்கறேன்டா. எனக்கும் ஒரு வேல ஓணும்ல" என்றான். அவ்வாறே ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது.

இன்று முதல் வகுப்பு. தங்கள் செபத்தில் என் தலையையும் சேர்த்துக்கொள்ளவும்.

இப்போது நான் இக்கடிதத்தை உறையிலிட்டு, சாதாரணத் தபாலிலேயே பெட்டியில் போட்டுவிட்டு, துண்டை எடுத்துக்கொண்டு இரண்டு தெரு நடந்து, அவன் வீட்டு வாசலில் நின்று, தெருவுக்கே கேட்கும்படி அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடப் போகிறேன்.

தங்கள் தம்பி,
அருள்